சிவாஜிநகர் லென்ஸ்

ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் கனடாவுக்குக் கிளம்பும்போது தன் பழைய கேமராவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வெறும் பாடி மட்டும். "லென்ஸை வேற ஒருத்தர் வாங்கிட்டாரு, நீங்க ஒண்ணு பாத்து வாங்கிக்கோங்க" என்றார், செருப்புக்கு வார் வாங்கிக்கொள்ளச் சொல்வது மாதிரி. எம்.ஜி. ரோட்டில் ஒரு கடையில் போய் விலை கேட்டேன். கேட்டதோடு சரி.

அப்போது நானும் அம்மாவும் தொம்மலூரில் பழைய ஊர்ப் பக்கம் ஒரு சந்தில் மாடி வீட்டில் இருந்தோம். அப்பா போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. தம்பி ஓசூரில் குடித்தனம். எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் பேச்சை எல்லாருமே விட்டுவிட்டிருந்ததில் எனக்கு ஒரு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நாள் முழுக்க என்னுடையது. அந்த நாட்களை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த நேரத்தில்தான் கேமரா வந்தது.

ஃபிலிம் காலத்து லென்ஸ்கூடப் போடலாம், நடுவில் ஒரு வளையம் மாட்டினால் போதும் என்று யாரோ சொல்ல, சிவாஜிநகரில் கேமரா ரிப்பேர் செய்யும் ஒரு பாயைத் தேடிப் போனேன். அவர் கண்ணாடிப் பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். சின்னதுதான், ஆனால் படிக்கல் மாதிரி கனம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஓரத்தில் பூஞ்சை, சிலந்தி வலை மாதிரி.

"ஃபங்கஸ் இருக்கு மேடம், சொல்லிட்டேன். அப்புறம் வந்து ஜக்டா பண்ணக் கூடாது" என்றார்.

சண்டை போட நான் போகவே இல்லை. அந்த லென்ஸை அவ்வளவு பிடித்துப் போயிற்று. தானாக எதுவும் செய்யாது. ஃபோகஸைக் கையால் திருகித் திருகித்தான் கொண்டுவர வேண்டும். முதல் மாதம் எடுத்ததெல்லாம் மங்கல். அப்புறம் விரலுக்குப் பழகிவிட்டது.

புது லென்ஸ் வாங்க வழியில்லாததால் இருந்த ஒன்றையே பலவிதமாகப் படுத்தினேன். லென்ஸைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிக் கேமராவின் வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டால், சர்க்கரைத் துணுக்கு ஐஸ் பாறை மாதிரி தெரியும். கருவேப்பிலையின் நரம்பு, எறும்பின் கால், அம்மாவின் ஜெபமாலையில் ஒரு மணி என்று சமையல்கட்டு முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து திரிந்தேன். பழைய வலைத் துப்பட்டாவை வெட்டி லென்ஸுக்கு முன்னால் கட்டினேன். மலிவான ஃபில்டர் கண்ணாடி ஒன்று வாங்கி, நடுவை விட்டுவிட்டு ஓரமெல்லாம் வாசலின் களிம்பைத் தடவினேன். வெளிச்சம் எல்லாம் உருகி வழிகிற மாதிரி படம் வரும்.

"உதட்டுக்குப் போடறதை எல்லாம் அதுக்குப் போடற. மனுஷங்க மூஞ்சியை ஒண்ணாவது எடுக்கறியா?" என்பார் அம்மா.

அம்மாவுக்கு அப்போது ஒரே ஒரு பெருமை உண்டு. கன்டோன்மென்ட் பக்கம் எங்கள் கோயிலில் தமிழ்ப் பூசையில் மாதம் ஒரு ஞாயிறு பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாசிக்கிறார். கொஞ்ச காலமாக, அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் என்னை உட்காரவைத்து, "நீ படி, நான் கண்ணை மூடிட்டுக் கேக்கறேன். மனசுல இறங்கணும்" என்று திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வார். பக்தி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். காபி ஆறிக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே பள்ளிவாசல் பாங்கும் ஆட்டோ சத்தமும் கேட்க, நான் எசாயா புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலங்கள் இன்றும் அப்படியே நினைவிருக்கின்றன.

அந்த டிசம்பரில் வழக்கம்போல மாடி வாசலில் பேப்பர் நட்சத்திரம் கட்டினோம். உள்ளே பல்ப் எரிய, அம்மாவை அதன் கீழே நிற்கவைத்து இரண்டு படம் எடுத்தேன். ஒன்று சாதாரணமாக. இன்னொன்று வாசலின் தடவிய கண்ணாடியோடு. இரண்டாவது எனக்கே நம்ப முடியாதபடி வந்திருந்தது. நட்சத்திரத்தைச் சுற்றிப் பெரிய ஒளி வட்டம், அம்மாவின் முகம் பனிக்குள் இருப்பது மாதிரி. லேப்டாப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எதும்மா நல்லா இருக்கு?"

அம்மா குனிந்து பார்த்தார். இன்னும் கிட்டப் போனார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"விளையாடாதம்மா. இதுல பாரு, லைட்டைச் சுத்தி வட்டமா இருக்கு."

"லைட்டுன்னா சுத்தி வட்டம் இருக்கத்தானே செய்யும்?"

நான் எழுந்து ட்யூப்லைட்டைக் காட்டினேன். "இதுக்கு?"

"அதுக்கும்தான். தெரு லைட்டுக்கு இன்னும் பெரிசு" என்றார். சொன்ன பிறகு என் முகத்தின் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அவருக்கே புரிந்துவிட்டது.

சனிக்கிழமைகள் எல்லாம் எனக்கு அந்த நிமிஷத்தில் விளங்கின. அம்மா வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறார். அரிசியில் கல் பொறுக்குவதை என்னிடம் தள்ளியது, பஸ் நம்பரைப் பக்கத்தில் நிற்பவர்களிடம் கேட்பது, எல்லாம்.

"எத்தனை நாளா இப்படி?"

"வயசானா எல்லாருக்கும் அப்படித்தான். சும்மா இரு."

கண்ணாஸ்பத்திரி என்றாலே எழுந்து போய்விடுவார். அவருடைய அக்காவுக்கு எந்தக் காலத்திலோ ஆபரேஷன் செய்து ஒரு கண் போய்விட்டதாம். அது ஒரு பயம். இன்னொன்றை அம்மா என் தம்பியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: "கண்ணு தெரியலன்னு தெரிஞ்சா வாசகத்தை வேற யாருக்காவது குடுத்துடுவாங்கடா."

நான் வற்புறுத்தவில்லை. சனிக்கிழமை வந்தால் படித்தேன்.

வருஷம் பிறந்து, எங்கள் கோயிலின் பங்குத் திருவிழா வாரத்தில் வந்த ஞாயிறு அம்மாவின் முறை. திருவிழாவுக்காக வாசகத்தை மாற்றியிருந்தார்கள். எங்களுக்குத் தெரியாது. அம்மா மேலே போய்ப் புத்தகத்தின் மேல் கையை வைத்து, நிமிர்ந்து, நான் படித்துக் கொடுத்ததை அழகாக, ஒரு வார்த்தை தவறாமல் சொன்னார். கையில் அச்சடித்த தாளோடு இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பீடத்தில் உதவி செய்யும் சிஸ்டர் எழுந்திருக்கப் போய், சாமியார் கையைக் காட்ட, உட்கார்ந்துவிட்டார். "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்று அம்மா முடித்ததும் கோயில் முழுக்க "இறைவனுக்கு நன்றி" சொன்னது.

யாரும் எதுவும் கேட்கவில்லை. பூசை முடிந்து சாமியார் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "குரல் இன்னும் அப்படியே இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். அம்மாவுக்கு அது போதும், தன் கண் விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று விளங்கிவிட்டது.

ஆட்டோ டிரினிட்டி சர்ச் சிக்னலைத் தாண்டும்போது அம்மா என் பக்கம் திரும்பினார். "டாக்டர்கிட்ட எப்ப போலாம்?" என்றார்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண், கன்னடத்தில் பொறுமையாக விளக்கினாள். உள்ளே இருக்கும் மங்கின லென்ஸை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைப்பார்களாம். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார்:

"ஹொசது தானேம்மா? நம்ம ஹுடுகி சிவாஜிநகர்ல வாங்கற மாதிரி செகண்ட் ஹேண்ட் இல்லியே?"

டாக்டருக்குப் பாதிதான் புரிந்தது. புதுசுதானே, என் பெண் வாங்குகிற மாதிரி பழசு இல்லையே என்று அம்மா கேட்பதை நான் புரியவைத்ததும் அவள் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதல் கண்ணின் கட்டைப் பிரித்தபோது நான் எதிரில் நின்றிருந்தேன். அம்மா வெகுநேரம் என்னைப் பார்த்தார்.

"என்னடி, உனக்கு இவ்வளவு நரைச்சுப் போச்சா?"

அதன் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் நிம்மதி இல்லை. சமையல்கட்டுச் சுவரில் எண்ணெய், மின்விசிறியில் தூசி, மேல் அலமாரியில் ஒட்டடை, எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டன. "இப்படியா வீட்டை வெச்சிருந்த!" என்று என்னை விரட்டினார். சந்தன நிறம் என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருந்த சேலை வெள்ளை என்று கண்டுபிடித்துக் கோபப்பட்டார்.

இரண்டாவது கண்ணும் ஆன பிறகு ஒருநாள் அந்த இரண்டு படங்களையும் அவரே திறக்கச் சொன்னார். வாசலின் தடவிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படியா பாத்துட்டு இருந்தேன்?" என்றார் மெதுவாக. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "அழகாத்தான்டி இருக்கு" என்றார்.

பங்குனி வெயில் ஏறுவதற்கு முன் ஒரு ஞாயிறு, பூசை முடித்து அல்சூர் ஏரிக்கு நான் போகும்போது அம்மாவும் வந்தார். என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் ஒரு புல் நுனியின் மேல் குனிந்து ஃபோகஸைத் திருகிக்கொண்டிருக்க, முதுகில் தட்டினார்.

"அங்க பாரு, தண்ணி நடுவுல. கருப்பா ஒரு பறவை, ஈரக் குடையை விரிச்சுக் காயவெச்ச மாதிரி."

எனக்குத் தெரியவில்லை. அவர் விரல் காட்டிய திசையில் வெகுநேரம் தேடிய பிறகு, நீட்டிக்கொண்டிருந்த மரக்கட்டை மேல் நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்து நிற்பது தெரிந்தது. என் லென்ஸுக்கு அது எட்டாத தூரம். இருந்தாலும் எடுத்தேன். திரையில் பெரிய ஏரியும் நடுவே கடுகு மாதிரி ஒரு புள்ளியும்.

"ரொம்பச் சின்னதா விழுந்துடுச்சும்மா."

அம்மா கேமராவை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "எனக்குத் தெரியுதே" என்றார். வெயில் ஏற ஏற, அடுத்த பறவையைத் தேடிக்கொண்டு கரையோரமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்.