பாண்டி ஆட்டின் காது

அந்த வருஷம் திருநெல்வேலிப் பக்கத்து ஆடுகளுக்கு அடைப்பான் நோய். மனிதரையும் கொல்லும் என்று திருவனந்தபுரமே நடுங்கியது. ஆடு எந்த ஊரிலிருந்து வந்தது என்று இறைச்சிக் கடைகளில் பலகை மாட்ட வேண்டும் என உத்தரவு வந்தது. பொய் எழுதினால் கடைக்குப் பூட்டு. அந்த ஆடு வந்த மந்தையையும் தேடிப் பிடித்துக் கொன்று புதைப்பார்கள். பாண்டி ஆடு என்று எழுதிய கடைக்கு ஈயைத் தவிர யாரும் வருவதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்களையும் இங்கே பாண்டி என்றுதான் சொல்வார்கள்.

பலகைகளைச் சோதித்துக் கையெழுத்திடுவது இன்ஸ்பெக்டரின் குமாஸ்தாவான என் வேலை. சாலைக் கடைத்தெருவில் ஒரு கடைப் பலகையில் ‘நெடுமங்காடு’ என்றிருந்தது. கீழே வெட்டிய தலை. அதன் இடது காது நுனியில் ஒரு வெட்டு, அதன் அடியில் ஒரு துளை. எங்கள் அப்பா தன் மந்தைக்குப் போட்ட குறி அது. இப்போது மந்தை அண்ணனுடையது. எல்லை தாண்டி வந்து, நாஞ்சில் நாட்டு வயல்களில் கிடை போட்டிருந்தான்.

“சரியாணோ?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சரிதான் சார்.” கையெழுத்தும் போட்டேன்.

அவர் கடைக்காரரிடம் திரும்பினார். “எங்கில் ரெண்டு ராத்தல் எடுத்தோ. மோள் பிரசவிச்சு கிடக்குந்நு. சூப்பு வைக்கணும்.”

கத்தி இறைச்சியில் இறங்கியது. ஊரார் தின்னட்டும் என்று கையெழுத்திட்டவனுக்கு, அவர் மகள், தெரிந்த வீட்டுப் பெண் என்றதும் பொறுக்கவில்லை. இன்றும் நான் வெட்கப்படுவது அதற்குத்தான்.

“வேண்டாம் சார். அது பாண்டி ஆடு. எங்க அண்ணன் ஆடு.”

கடை பூட்டப்பட்டது. அன்றே என் வேலையும் போயிற்று. மூன்றாம் நாள் மந்தையைக் கொன்று புதைத்தார்கள். எந்த ஆட்டுக்கும் நோயில்லை என்று மிருக வைத்தியர் பிறகு எழுதினார்.

அண்ணன் என் அறைக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒம் மைனிக்குப் போன மாசந்தான் பிள்ள பொறந்துது,” என்றான். “அவளுக்கும் இந்த மந்தையிலதான்டே அறுத்து ஆக்கிக் குடுத்தேன்.”