ஓரிலைத் தாமரைக்கு வெந்நீர்

எண்பதுகளின் கடைசி. மகள் பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் எப்போதும் ஏதாவது கொதித்துக்கொண்டே இருக்கும்: பால் புட்டி, சங்கு, குழந்தையின் துணி. ஒருமுறை வயிற்றுப்போக்கில் அவள் துவண்டுபோனதிலிருந்து, கொதிக்காத எதையும் நான் நம்பவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்த என் கணவரின் அண்ணன், ஒருநாள் தேக்கிலைப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே மலை மண், மக்கிய இலை, சுண்டைக்காய் அளவில் நான்கு கிழங்குகள்.

“ஓரிலைத் தாமரைம்மா. ஒரு கிழங்கு வருசத்துக்கு ஒரே இலைதான் விடும். இனி மலையில ஃபாரஸ்ட்காரவுக கைவைக்க விடமாட்டாக. நீ செடிப் படிப்பு படிச்சவ, பெருக்கிக் குடு” என்றார்.

“அந்தப் படிப்புக்கு இப்பதான் வேலை வந்திருக்கு” என்று மாமியார் சிரித்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு என் தாவரவியல் பட்டத்தைப் பற்றி அதுவரை யாரும் பேசியதில்லை. இந்த நான்கும் பிழைத்தால்தான் அந்தச் சிரிப்புக்குப் பதில் என்று தோன்றியது.

புதுத் தொட்டியில் மண் நிரப்பி, புழு பூச்சி இருக்குமோ என்று கொதிநீர் ஊற்றி ஆறவிட்டேன். கிழங்குகளை மஞ்சள் தண்ணீரில் கழுவினேன். ஒட்டியிருந்த வெள்ளைப் பூசணத்தைத் துணியால் துடைத்தெடுத்து நட்டேன். பொட்டலத்து மண்ணைக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கொய்யா நிழலில் கொட்டினேன்.

ஆடிச் சாரல் வந்தும் தொட்டி அப்படியே இருந்தது. பொறுக்காமல் கிளறினேன். மூன்று கிழங்குகள் கூழாகியிருந்தன. நான்காவது வெறும் தோல்.

அதே வாரம், கல்லுக்குப் பின்னால் விசிறிபோல் மடிப்பு வைத்த வட்ட இலை ஒன்று தரையோடு விரிந்திருந்தது. பொட்டலத்து மண்ணில் இன்னொரு பொடிக் கிழங்கு இருந்திருக்க வேண்டும், நான் கவனிக்கவில்லை. விரலால் லேசாக மண்ணை விலக்கினேன். மக்கிய இலைகளிலிருந்து வெள்ளை நூல்கள் கிழங்கை நோக்கி ஓடின.

பெயரில்தான் தாமரை, ஆனால் இது ஆர்க்கிட் இனம். பூஞ்சையின் துணையில்லாமல் ஆர்க்கிட் பிழைக்காது என்று கல்லூரித் தேர்வில் ஒரு பக்கம் எழுதி, முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தப் பூஞ்சையைத்தான் துணியால் துடைத்திருக்கிறேன். அதனால்தான் அழுகியதா, தண்ணீரையும் அதிகமாக ஊற்றினேனா என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கணவரின் அண்ணன் அடுத்த முறை வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

“நாலையும் குளிப்பாட்டி அனுப்பிவச்சிட்டியாக்கும்” என்றார்.

“பிள்ளைக்குச் செய்யுத அம்புட்டும் செஞ்சிருக்கா. சொட்டு மருந்து மட்டுந்தான் போடல” என்றார் மாமியார்.

அத்தான் குனிந்து, மிஞ்சிய ஒன்றைத் தோண்டக் கைநீட்டினார்.

“தொடாதீக அத்தான். இங்கனயே இருக்கட்டும்.”

அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

“பெருகுமா?”

“தெரியல. அடுத்த வருசம் எத்தன இலைன்னு பாப்போம்.”

சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல் செங்கல் வைத்து அடைத்தேன். இலை காய்ந்து மறைந்த மாதங்களில், அடைத்தது சரிதானா, ஈரமே இல்லாமல் போயிற்றோ என்று குழம்பிக்கொண்டே இருந்தேன். மறு ஆடியில் இரண்டு இலைகள் வந்தன. இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்க்கக் கை பரபரத்தது. பார்க்கவில்லை.