மருதாயிக்கு அம்பிகா அழுத பாட்டு

அறிவரசன் கண்டக்டர். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓடுகிற தனியார் பஸ்ஸில் ஒரு நாள் டியூட்டி, மறுநாள் ஓய்வு. ஓய்வாவது மண்ணாவது! அந்த ஒரு நாளைக்குள்தான் அவன் ஒரு ஸ்டுடியோவையே நடத்தினான். வீட்டுக்குப் பின்னால், முன்பு சின்ன வெங்காயம் கொட்டி வைத்த அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மைக். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் கோணிச் சாக்கும் பழைய மெத்தையும். எத்தனை பத்தி கொளுத்தினாலும் வெங்காய வாடை மட்டும் போகாது. காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா, நினைவுநாள் என்று சுற்றுப்பட்டுச் சனம் பாட்டுக்கு இங்கேதான் வரும். லப்பைக்குடிக்காட்டு அல்தாப் தன் தங்கச்சி நிக்காஹ் பாட்டை இங்கே எடுத்துத்தான் துபாய்க்கு அனுப்பினான்.

பாடுகிறவள் அவன் பெண்டாட்டி அம்பிகா. களைவெட்டிவிட்டு வந்து கைகால் கழுவி, அடுப்பில் உலையை வைத்துவிட்டு மைக் முன்னால் நிற்பாள். வாசல் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி ஓயாது. ரெண்டு லாரிக்கு நடுவே கிடைக்கிற அமைதியில்தான் பாட வேண்டும். தூரத்தில் லாரி உறுமினாலே அறிவரசன் கையைத் தூக்கிவிடுவான், அவள் நிறுத்திவிடுவாள். இப்படி ஒரு பாட்டு முடிய ஒரு மத்தியானம் ஆகும்.

பாட்டை எடுத்த பிறகு அவன் செய்கிற வேலைதான் அவனுக்குப் பெருமை. சொல்லுக்குச் சொல் நடுவே அவள் இழுக்கிற மூச்சை ஒவ்வொன்றாகத் தேடி வெட்டிப் போடுவான். வாய் திறக்கிற சத்தம், எச்சில் விழுங்குகிற சத்தம், ஒன்று மிஞ்சாது. டவுன் ஸ்டுடியோக்காரனுக்குக்கூட இந்தச் சுத்தம் வராது என்று மார்தட்டிக்கொள்வான்.

"ஏங்க, செத்தவ பாடுற மாதிரி இருக்குங்க. மூச்சே வுடாம எவ பாடுவா?" என்பாள் அம்பிகா.

"உனக்கு என்னடி தெரியும்? சுத்தம்னா இதான்."

அவள் சிரித்துக்கொண்டே போய் உலையைப் பார்ப்பாள். நல்லாத்தான் இருந்தார்கள் ரெண்டு பேரும். யார் கண் பட்டதோ, போன வருசம் அவள் கழுத்தில் கட்டி வந்தது. திருச்சியில் ஆபரேசன். குரல் நரம்போடு கட்டி ஒட்டிக் கிடக்கிறது, குரல் போனாலும் போகும் என்று டாக்டர் முன்னாடியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். உயிர் பிழைத்தது, குரல் போனது. பேசினால் காற்றுதான் அதிகம் வந்தது, சத்தம் கொஞ்சம். அதற்குப் பிறகு அவள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. கூட்டுவதற்குக்கூடப் போகவில்லை. அவனும் கூப்பிடவில்லை. பழைய பாட்டுகளில் பேரை மட்டும் வெட்டி ஒட்டி மாற்றிக் கொடுத்துக் காலம் தள்ளினான்.

அப்போதுதான் மருதாயி செத்துப்போனாள்.

மருதாயியும் அம்பிகாவும் பாவாடை கட்டின நாளிலிருந்து ஒரே காட்டில் களையெடுத்தவர்கள், ஒரே தூக்குச்சட்டியில் சோறு தின்றவர்கள். வெங்காயத் தாள் அறுக்க உட்கார்ந்தால் ரெண்டு பேர் வாயும் மூடாது. "ஏ அம்பிகா, நீ எனக்கு முன்னாடி போயிடாதடி. நான் அழுதா காக்காகூட நிக்காம ஓடிடும். நான் முந்திக்கிறேன், நீ நல்லா ராகம் போட்டு அழு" என்பாள் மருதாயி. "போடி எடுபட்டவளே, உன்ன அழுது அனுப்பாம வேற யாரு அனுப்புவா?" என்பாள் இவள். விளையாட்டாகச் சொன்னதுதான். நாற்பத்தாறு வயசில் ஒருநாள் மக்காச்சோளக் காட்டிலிருந்து வந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், சாய்ந்துவிட்டாள்.

சாவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தபோது அம்பிகா மட்டும் மருதாயியின் காலைப் பிடித்தபடி வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. வீட்டுக்கு வந்தும் அழவில்லை. வாக்குக் கொடுத்தவளுக்கு வாய் இல்லையே என்கிற வேதனை அது. அறிவரசனுக்கு அது புரிந்தது. புரிந்த வரைக்கும் சரி, அதற்கு அவன் கண்ட வைத்தியம்தான் கோணல்.

மருதாயியின் மகன் விக்கி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். காரியத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது அறிவரசனைத் தேடி வந்தான். "சித்தப்பா, பதினாறாம் நாளு ஒரு பாட்டுப் போடணும். சின்னம்மா குரல்லதான் வேணும். எங்கம்மா அந்தக் குரல்னா உசுர வுடும்."

முடியாது என்று சொல்ல வேண்டியவன், "பாத்துக்கலாம்ப்பா" என்றான்.

பழைய பாட்டையெல்லாம் திறந்தான். ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒவ்வொரு சொல்லாகக் கத்தரித்தான். வேகத்தைக் குறைத்தான், சுருதியை இறக்கினான், குரல் அழுகிற மாதிரி ஆனது. மருதாயி என்கிற பேர் எந்தப் பாட்டிலும் இல்லை. சடங்குப் பாட்டில் வருகிற மருதாணியை வெட்டி, மாரியம்மன் பாட்டில் வருகிற ஆயியின் வாலை ஒட்டினான். பேர் கிடைத்துவிட்டது! அம்பிகாவிடம் சொல்லவில்லை. கேட்டதும் அவள் மனசு ஆறும், தானே அழுது அனுப்பின மாதிரி இருக்கும் என்று நம்பினான். நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்தோடு செய்கிற தப்புக்குத்தான் மருந்தே கிடையாது.

காரியத்தன்று படையல் போட்டு முடித்ததும் ரேடியோ செட்டில் பாட்டு ஏறியது. பந்தி பரிமாறிக்கொண்டிருந்த சனம் அப்படியே நின்றது. "அடி அம்பிகா, தொண்ட வந்துருச்சாடி உனக்கு!" என்று கூடக் களைவெட்டுகிற பொன்னம்மாள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நாலு பொம்பளைகள் சூழ்ந்துகொண்டு கையைப் பிடித்தார்கள். அம்பிகா அறிவரசன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். எழுந்து, சாப்பிடாமல் வீட்டுக்கு நடந்தாள்.

அவன் பின்னாலேயே ஓடினான். அவள் அடுப்படியில் நின்றிருந்தாள்.

"அந்த மருதாணி, நம்ம தெரு சத்யப்பிரியா சடங்குக்குப் பாடுனதுதான?" அவள் குரல் உமியை ஊதுகிற மாதிரி வந்தது.

"ஆமா."

"அன்னிக்கு மருதாயி எதுத்தாப்ல நின்னு இடுப்ப ஆட்டிக் காட்டுனா. சிரிப்ப அடக்கிக்கிட்டுப் பாடுனேன். அந்தச் சிரிப்ப எடுத்து அவளுக்கே ஒப்பாரியா வச்சிட்டியே. நீ மனுசனா?"

பதினெட்டு வருசத்தில் அவள் அவனை நீ என்று சொன்னது அன்றைக்குத்தான்.

"உன்னால முடியலன்னுதான் புள்ள…"

"முடியலன்னு நான் சொன்னனா? நீ ஒரு வார்த்த கேட்டியா?"

அவன் உண்மையாகவே கேட்கவில்லை. ஒரு வருசமாக அவள் குரல் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டான். எதிரில் நிற்கிறவளுக்கும் ஒரு குரல் இருக்கிறது என்பதை மறந்தே போனான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அம்பிகா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அறைக்குள் போனாள். "மைக்கப் போடு" என்றாள்.

அவன் போட்டான்.

*களையெடுக்கப் போகையில கூட வந்த மருதாயி,*
*காடு சேரப் போகையில என்ன வுட்டுப் போனியே…*

பாதிச் சொல்லுக்குச் சத்தமே இல்லை. பேரின் கடைசி எழுத்து வெறும் காற்றாகப் போனது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி மூச்சை இழுக்க வேண்டியிருந்தது. ரோட்டில் லாரி உறுமியது. பழக்கதோசத்தில் அவன் கையைத் தூக்கினான். அவள் நிறுத்தவில்லை. லாரி பாட்டுக்குப் போனது, அவள் பாட்டுக்கு அழுதாள். அழுதாள் என்றால் நிசமாகவே அழுதாள், பதினாறு நாள் அடைத்துக் கிடந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொய்ய அழிச்சிட்டு இதக் கொண்டுபோயிக் குடுங்க" என்றாள். வெளியே போய்விட்டாள்.

அவன் திரையில் ஓடுகிற ஒலிக்கோட்டைப் பார்த்தான். அவள் பாட்டில் சொல்லெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தது. மூச்சுதான் மேடுமேடாக நின்றது. கை தன்னால் போய் முதல் மூச்சைப் பிடித்தது, வெட்ட வேண்டிய இடம் நீலமாக மாறியது. வெட்டினால் என்ன மிஞ்சும்? மருதாயியின் பேர்கூட மிஞ்சாது. கையை எடுத்தான். அப்படியே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு நடந்தான்.

மருதாயி வீட்டில் பந்தி முடிந்து பெண்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். அவன் விக்கியைக் கூப்பிட்டு, எல்லார் காதிலும் விழும்படியே சொன்னான்: "தம்பி, காலைல போட்டது சின்னம்மா பாடுனது இல்ல. நான் ஒட்டுப்போட்டது. தப்பு என்னுது. இதான் அவ பாடுனது." விக்கி வாங்கிப்போய் ரேடியோ செட்டில் செருகினான்.

சொல் எதுவும் வருவதற்கு முன்னால், ரெண்டு பெரிய ஸ்பீக்கரிலும் அம்பிகா மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. அறிவரசன் தலையைக் குனிந்துகொண்டான். அண்டா கழுவுகிற சத்தம் நின்றது. ஒவ்வொருத்தியாகக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள்.

"இதான்டி அம்பிகா" என்று சொல்லிவிட்டு, பொன்னம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அந்தக் குரலோடு சேர்ந்து அழ ஆரம்பித்தாள்.