பேச்சியக்கா கட்டிய கும்மிப் பாட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். பத்தாவதோடு நின்றவள், வீடும் விளக்கும் முருகனுமாக இருப்பவள், எனக்கு எதற்கு இந்த வேலை என்று நினைத்தேன். சம்பந்தப்பட்டவர் இன்றும் எங்கள் தெரு வழியே போகிறவர் என்ற தயக்கமும் உண்டு. ஆனால் புதுப் பனியன் துணியின் சாய வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் பேச்சியக்காவின் குரலும் கூடவே வந்துவிடுகிறது. முருகன் எழுதச் சொல்கிறான், எழுதுகிறேன்.

நெருப்பெரிச்சல் என்ற எங்கள் ஊரில், எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர் பேச்சியக்கா. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, என் அம்மா தையல் வேலை பார்த்த பனியன் கம்பெனியிலேயே "செக்கிங்"கில் இருந்தார். பிசிறு நூலை வெட்டிக்கொண்டே வள்ளியம்மை மேல் வரி வரியாகப் பாட்டுக் கட்டுவார். சாயங்காலம் கோயில் முன்னாலிருந்த காலி இடத்தில் அம்மாவும் மற்றப் பெண்களும் சிறுமியான நானும் வட்டம் கட்டி அந்தப் பாட்டுக்குக் கும்மியடிப்போம். சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து, தங்கள் பெண்களுக்கும் சொல்லித்தரும்படி அக்காவை அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். கம்பெனிச் சம்பளத்தோடு அந்தத் தட்சணையும் சேர்ந்தால்தான் அவர் வீட்டு அடுப்பு நிம்மதியாக எரியும்.

அப்போதுதான் செல்போன் கடைக்காரர் ஒருவர் எங்கள் ஆட்டத்தைப் படமெடுத்து, பாட்டைத் தானே எழுதியதாகத் தன் சேனலில் போட்டுவிட்டார். அது ஊர் ஊராகப் பரவ, அக்காவைத் தேடி வந்தவர்கள் எல்லாம் அவரைத் தேடிப் போனார்கள். அக்காவிடமே ஒருவர், "ஏனுங்க, அந்தச் சேனல் பாட்டத்தானுங்களே நீங்களும் சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"எம் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டு, இது யாரு பிள்ளைன்னு எங்கிட்டயே கேக்காங்களே எக்கா" என்று அம்மாவின் தோளில் சாய்ந்த அக்கா, இனிமேல் பாடுவதே இல்லை என்றார்.

கோயில் திருவிழாவில் நடக்கவிருந்த எங்கள் கும்மி அரங்கேற்றத்துக்கும், பாட்டுக் கட்டியவர் என்று கடைக்காரரைத்தான் அழைத்திருந்தார்கள். அம்மா நேரே திருவிழாக் கமிட்டித் தலைவரிடம் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு.

"நெட்டுல வந்ததுக்கெல்லாம் ஏதுங்க சொந்தக்காரங்க? அது பொதுவுங்க. தெக்கத்திக்காரிக்கு நம்மூருக் கும்மி எப்புடிங்க வரும்?" என்றார் அவர். ஒரு காலத்தில் அவரும் டெய்லர்தான்.

"நீங்க தெச்ச பீஸ இன்னொருத்தர் கணக்குல எழுதுனா, பொதுவுன்னு உட்டுப்போட்டு வருவீங்களா?" என்றார் அம்மா.

அவர் திருவிழாப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். அடித்தாகிவிட்டது, மேடையில் கடைக்காரர்தான் உட்காருவார் என்று முடித்துவிட்டார்.

எங்கள் கும்மியில் ஒரு முறை உண்டு. பாட்டுக் கட்டியவரை எல்லோரும் வரிசையாகப் போய்க் கும்பிட்ட பிறகுதான் முதல் அடி வைப்போம். அரங்கேற்றத்தன்று கடைக்காரர் மாலையோடு மேடையில் இருந்தார். சாமி கும்பிட மட்டும் வந்த அக்கா, "மைக் செட்" பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்.

"என்ர பொறகாலயே வா கண்ணு. மேடையப் பாக்காத" என்றார் அம்மா.

வரிசை நகர்ந்தது. மேடையைத் தாண்டியது. பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு போய், ஒவ்வொருவராக அக்கா முன்னால் குனிந்தோம். "ஏட்டி, என்ன கூத்து பண்ணுதீய!" என்று அவர் பதறி எழுந்தார். மேளம் நின்றது. கூட்டம் முழுவதும் எழுந்து நின்று பார்த்தது. கடைக்காரர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"தப்புத்தானுங்கக்கா. நெட்டுல போட்டா ஆரு கேக்கப் போறாங்கன்னு நெனச்சுப்போட்டனுங்க" என்று மைக்கை நீட்டினார். அக்கா வாங்கினார், பாடினார். அன்று நாங்கள் அடித்த கும்மியில் தரை அதிர்ந்தது. வேலவனே வட்டத்துக்குள் நின்றதுபோல எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுவாரம் கடைக்காரர் அந்த வீடியோவில் வந்த வருமானத்தைத் தாம்பூலத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். "துட்டு இருக்கட்டும் அண்ணாச்சி. பேரப் போட்டீயளா? மொதல்ல அதக் காட்டுங்க" என்றார் அக்கா. போட்டிருந்தார். அதற்குப் பிறகுதான் தட்டை வாங்கினார்.

நாங்கள் கும்மியடித்த இடத்தில் இன்று பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி ஓடுகிறது. அக்காவின் பெயரில்லாத அந்தப் பழைய வீடியோ எங்கே தேடினாலும் இல்லை. அக்காவின் குழு முதலிபாளையம் வரைக்கும் போய் ஆடிவிட்டு வருகிறது. சாமிப் பாட்டோ சினிமாவோ, எங்கள் வீட்டில் நெட்டிலிருந்து திருட்டுத்தனமாக எதையும் இறக்குவதில்லை. என் வீட்டுக்காரர் முணுமுணுப்பார், நான் விடுவதில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள், ஒரு சொல்லும் மாற்றாமல். எழுதியவள் யார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. பாட்டுக் கட்டியவர் பேச்சியம்மாள். அந்தப் பெயர் மட்டும் எந்த ஊரிலும் விட்டுப்போகக் கூடாது.