தண்ணி குடிக்கிற பிக்கப்

கராஜ் வேலை என்பது, டிரைவர் சொல்கிற பொய்யையும் வண்டி சொல்கிற பொய்யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது சின்னப் பொய் என்று பார்க்கிற வேலை.

பழைய வண்டி வைத்து மாரடித்தவர்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். புது வண்டிக்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் வண்டியும் ஒருநாள் பழசாகும். இந்தக் கதை நடந்தபோது நான் இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் ஒரு கராஜில் பாஸ். எங்கள் பக்கம் மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி வேறு ஆள். அவர் கையில் கிரீஸ் இருக்காது.

காய்ந்த சாக்கு

மேல்தோட்டத்து டிரைவர் மாரிமுத்து ஒரு பிக்கப்பைக் கொண்டுவந்தான். வெள்ளைக்காரன் யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் இறக்கி, யுத்தத்துக்குப் பிறகு மறந்துபோன வண்டி. ரேடியேட்டரை வாய்வரை நிரப்பினாலும் மலை ஏறி முடிப்பதற்குள் பாதி காணாமல் போய்விடும். எஞ்சின் கொதித்து நடுரோட்டில் நின்றுவிடும். "இன்னொரு தடவை வண்டி நின்றால் ஸ்டியரிங்கை விட்டுக் கவ்வாத்துக் கத்தியைப் பிடி" என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டாராம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் கினிகத்தேனையில் இருக்கும் பெரியசாமிக் கங்காணி தன் மகளை இவனுக்கு நிச்சயம் பண்ணியிருந்ததே, காக்கிச் சட்டை போட்ட டிரைவர் மாப்பிள்ளை என்பதற்காகத்தான். கத்தியைப் பிடித்தால் பெண் இல்லை.

ஹோஸ் பார்த்தேன், பம்ப் பார்த்தேன், ரேடியேட்டரைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. கடைசியில் வண்டிக்கு அடியில் காய்ந்த சாக்கை விரித்து, எஞ்சினை ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கராஜ் பூனை அந்தச் சாக்கில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. ரேடியேட்டரில் பாதித் தண்ணீர் இல்லை. மாரிமுத்து என்னையும் பூனையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பாஸ், மாடுகூட குடிச்ச தண்ணிய ஒரு பக்கமா வெளிய விடுதுங்க. இது எங்கதாங்க விடுது?"

ஆளுக்கொரு வைத்தியம்

தண்ணீர் ஒழுகுகிறது என்று வாயைத் திறந்தால் போதும், ஹட்டனில் எல்லோரும் மெக்கானிக். கடுகுத்தூள் போடு, ஓட்டை அடைத்துக்கொள்ளும் என்றார் பலசரக்குக் கடைக்காரர். குரக்கன் மாவை, அதுதான் கேழ்வரகு மாவை, கரைத்து ஊற்று என்றார் சாப்பாட்டுக் கடைக்காரர். முட்டையின் வெள்ளைக்கரு என்றார் ரொட்டி சுடுகிற பாண் போறணைக்காரர், முட்டையையும் அவரே கொடுத்தார். யார் மனசையும் நோகடிக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் ஊற்றினேன்.

அன்றைக்குத் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா முன்சீட்டில் ஏறினார். பாதி மலை ஏறியதும் மூடியிலிருந்து ஆவி கிளம்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வாசனைக்கு கூலிக்காரர் வீடுகள் வரிசையாக இருக்கிற நாலு லயத்து நாய்களும் வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தன. களைத்துப்போன நாயைத் தள்ளிவிட்டுப் புது நாய் சேர்ந்துகொண்டது. தண்ணீர் வழக்கம்போல இறங்கிவிட்டது. கிளாக்கர் ஐயா மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "எல்லாஞ் சரி மாரிமுத்து, உப்புப் போட மறந்துட்டியா?"

முனிக்கு ஆலாத்தி

வண்டி எப்போதும் நிற்பது முனியாண்டி கோயில் முடக்கில். அது மகா செங்குத்தான வளைவு, எந்த வண்டியும் அங்கே பெருமூச்சு விடும். ஆனால் பூசாரி, முனிதான் தாகத்துக்குக் குடிக்கிறது என்று அடித்துச் சொன்னார். மாரிமுத்து ஒவ்வொரு நடைக்கும் ஒரு தேங்காய் உடைக்க ஆரம்பித்துவிட்டான். அவன் சம்பளம் தேங்காயாகவே போவதைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஒரு தந்திரம் செய்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து வாளி வாளியாக ஆலாத்தி கரைத்து ரேடியேட்டரில் ஊற்றினேன். சிவப்புத் தண்ணீர் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் ஓட்டை!

பின்பக்கத்தில் குப்புறப் படுத்து, தலையைத் தொங்கவிட்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு போனேன். பனிதான் தெரிந்தது, ஒரு சிவப்புப் பொட்டுகூட விழவில்லை. முனி முடக்கில் வண்டி நின்றது. இறங்கிப்போய்த் துணியைச் சுற்றி மூடியைத் திருகினேன். டமார்! தலையிலிருந்து பனியன்வரை சிவப்பாக நின்றேன். கொழுந்துக்கூடையோடு வந்த பெண்கள் "ஐயோ, பாஸ் செத்தாரு!" என்று ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். நின்றுகொண்டிருக்கிற ஆளுக்கு ஒப்பாரி! பூசாரி மட்டும் நிதானமாக வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "முனி தண்ணிதான் கேட்டுச்சு. நீங்க ஆலாத்தியே எடுத்துட்டீங்க. இனிமே தெனமும் கேக்கும், பாத்துக்குங்க."

கினிகத்தேனை வெயில்

அந்த வாரம் கினிகத்தேனையில் மரம் ஏற்ற வேண்டியிருந்தது. வழியில் நின்றால் மாரிமுத்து கதை முடிந்தது என்பதால் நானும் தண்ணீர் வாளியோடு கூடப் போனேன். ஹட்டனிலிருந்து கண்ணை மறைக்கிற பனி. ஹார்ன் அடித்துக்கொண்டே இறங்கினோம். கீழே போனதும் பளிச்சென்று வெயில். ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால், எஞ்சினை நிறுத்தாமல், வண்டியை நிறுத்தினோம். கடை முதலாளி சிங்களவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "என்ன பாஸ், ஹட்டன் பனியையும் ஏத்திக்கிட்டா வந்தீங்க?"

திரும்பிப் பார்த்தேன். புகைக்குழாயிலிருந்து வெள்ளை வெளேர் என்று ஆவி, பஞ்சுப்பொதி மாதிரி. எஞ்சினின் தலைக்கடியில் அடைப்பாக இருக்கிற கேஸ்கட் எரிந்து, தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்து, ஆவியாகிப் பின்வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது! மேலே பனிக்குள் வெள்ளையோடு வெள்ளையாகக் கலந்துவிட்டதை எந்தக் கண் கண்டுபிடிக்கும்? விஷயத்தை விளக்கியதும் மாரிமுத்து பின்னால் போய்ப் புகைக்குழாயைக் குனிந்து பார்த்தான். பிறகு கேட்டான்: "அப்ப முடக்குக்கு முடக்கு பனின்னு ஹார்ன் அடிச்சது, நம்ம வண்டிப் பொகைக்கேவா பாஸ்?"

கங்காணி ஏறிய நாள்

கொழும்பிலிருந்து கேஸ்கட் வரவழைத்துப் போட்டேன். துரை தானே ஏறி மலை உச்சிவரை ஓட்டச்சொன்னார். ஒரு இடத்தில்கூடக் கொதிக்கவில்லை. இறங்கியவர் ஒன்றும் சொல்லாமல் பங்களாவுக்குள் போனார். துரை ஒன்றும் சொல்லவில்லை என்றால் வேலை தப்பியது என்று அர்த்தம்.

மறுவாரம் பெரியசாமிக் கங்காணியைப் பிக்கப்பிலேயே மாப்பிள்ளை வீடு பார்க்க அழைத்துவந்தோம். முன்பென்றால் வண்டி கொதிக்கக் கொதிக்க இறங்கிக் காற்று வாங்கலாம், வெற்றிலை போடலாம். இப்போது மாரிமுத்து நிற்பதாக இல்லை. வருங்கால மாமனாருக்குத் தன் கைவரிசையைக் காட்டியே தீருவது என்று, எல்லா முடக்கையும் ஒரே மூச்சில் சுழற்றிச் சுழற்றி ஏற்றினான். எனக்கும் மாரிமுத்துவுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த கங்காணி முதலில் என் கையைப் பிடித்தார், பிறகு கழுத்தைப் பிடித்தார், பிறகு என்னைத் தாண்டித் தலையை வெளியே நீட்டிவிட்டார். லயத்து வாசலில் இறங்கியதும் ஒரு தேயிலைச் செடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தலைப்பாகையைச் சரிசெய்து, கௌரவம் குறையாமல் சொன்னார்: "மாப்பிள்ளை டிரைவர்தான், அதுல சந்தேகமே இல்ல. பொண்ணக் குடுத்தாச்சு. கல்யாணத்துக்கு மட்டும் நாங்க பஸ்ஸுல வந்துக்கிறோம்."

ஆக, பழைய வண்டியைப் பழுதுபார்ப்பதில் இருக்கிற ஒரே ஆபத்து, அது சரியாகிவிடுவதுதான்.