இஸ்தோப்பில் காய்ந்த தகரப் பெட்டி

என்னோடு ஜெபிக்கிற சகோதர சகோதரிகளே, கர்த்தரிடம் எதைக் கேட்பது என்றே தெரியாமல் விழித்தவள் நான். அந்தக் குழப்பத்தையும் அவர் கேட்டார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

1955 டிசம்பர். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஓரறைக் காம்பராவில் அம்மாவும் நானும் மட்டும். அப்பா இறந்துவிட்டார். எஸ்.எஸ்.சி. பாஸாகி, யாழ்ப்பாணத்து ஆசிரியர் கலாசாலையில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்குப் பனிக்காலத்தில் இழுப்பு வரும். மூச்சு திணறும்போது முதுகைத் தடவிவிட யார் இருக்கிறார்கள்? காலையில், "ஆண்டவரே, என்னை அனுப்பும்" என்பேன். அம்மா இருமியதும், "வேண்டாம், இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்பேன். கர்த்தருக்கே தலை சுற்றியிருக்கும். கடைசியில், அம்மாவுக்கு ஒரு துணை கொடும், மற்றது எனக்குத் தெரியாது என்று மட்டும் கேட்டேன்.

அதற்குள் அம்மா தகரப் பெட்டி வாங்கிவிட்டாள். கலாசாலையில் சொன்னபடி வெள்ளைப் பெயிண்டில் என் பெயரை எழுதி, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் காய வைத்தேன். அங்கேதான் வினை பிடித்தது. எங்கள் லயத்தில் பெட்டியில் பெயர் எழுதுகிறவர்கள் இந்தியாவுக்கே திரும்புகிறவர்கள்தான். தலைமன்னார் கப்பலில் பெட்டி மாறிவிடக் கூடாதே! படிக்கப் போகிறவளின் பெட்டியை அங்கே யார் கண்டது?

மறுநாள் தோட்ட மேற்பார்வையாளர் கண்டாக்கையா வந்தார். பெட்டியைப் பார்த்தவர்கள் சொன்னதை நம்பி, நாங்கள் இந்தியாவுக்கே போகிறோம் என்று காம்பராவை அடுத்த லயத்து மாரியாயி பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டாராம். மகள் படிக்கத்தான் போகிறாள் என்று அம்மா பதறினாள். அப்படியானால் தனி ஆளுக்குக் காம்பரா எதற்கு, யாரோடாவது ஒண்டிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. துணை கேட்டால் வீடும் போகிறதே. படிக்கப் போகாதே என்பதுதான் பதிலோ? அழுதுகொண்டே பெட்டியில் இருந்த பெயரைச் சுரண்ட உட்கார்ந்தேன். கர்த்தர்மேல் கோபமாக வந்தது.

அப்போது மாரியாயி பெரியம்மா, நிறைமாத மருமகளோடு காம்பராவைப் பார்க்க வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மாதான் எல்லாவற்றையும் சொன்னாள். பெரியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சொரண்டாத புள்ள. நீ போயிப் படி. எம் மகனும் மருமகளும் இங்கன ஒங்கம்மாகூட இருக்கட்டும். பொறக்கப்போற புள்ளையப் பாக்க எங்களுக்கும் ஆள் வேணும்ல."

அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். என் ஜெபம் அவருக்குத் தெரியாது. நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்டாக்கையாவும் சரி என்றுவிட்டார்.

ஜனவரியில் லயமே ஸ்டேசனுக்கு வந்தது. இந்தியா போகிறவர்களுக்கு அழுத பழக்கத்தில் எனக்கும் ஒப்பாரி வைத்தார்கள். விடுமுறையில் திரும்பியபோது நான் படுக்கும் இடத்தில் ஒரு குழந்தை தூங்கியது. அதன் தாய் என் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

இன்று நான் தோட்டப் பள்ளியில் டீச்சர். அந்தப் பிள்ளை என் வகுப்பில் முன்வரிசை வாங்கில் உட்காருகிறான். எனக்கு இன்னமும் ஒழுங்காக ஜெபிக்கத் தெரியாது. உங்களுக்கும் தெரியாவிட்டால் பரவாயில்லை, குழப்பத்தோடேயே கேளுங்கள். பதில் வாசலில் வந்து நிற்கும்போது மட்டும், என்னைப்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.