மேனேஜர் பதவிக்கு ஓர் அர்ச்சனை

தீபாவளிக்கு முந்தின நாள். அம்மா குடியிருக்கும் பாகான் டாலாமில், பாசார் என்கிற சந்தையில், அவருக்காகத் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"மேனேஜரம்மா, சௌக்கியமா?"

யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். காய்கறிக் கடை மணியம் அண்ணன். என்னைத்தான்.

"நம்ம மக கம்ப்யூட்டர் படிக்குது. சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஆவணுமாம். ஒங்கள மாதிரி மேனேஜரா வரணும்னா இப்பவே எப்பிடி பிளான் பண்றது? கொஞ்சம் சொல்லுங்க லா."

என்னத்தைச் சொல்ல? நான் மேனேஜர் இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு கம்ப்யூட்டர் சிப் ஃபேக்டரியில் பன்னிரண்டு வருஷமாகப் புரோகிராம் எழுதுகிறவள். வாராவாரம் இந்தப் பத்திரிகையில் என்னைப் படிக்கிற உங்களுக்கு இது தெரியும். ஆனால் பாகான் டாலாமில் பாதிப் பேருக்கு நான் மேனேஜர். காரணம் — என் அம்மா, ஓர் அர்ச்சனை, ஒரு டின் லட்டு.

ஆறு மாதம் முன்பு பெரிய பாஸ் என்னைக் கூப்பிட்டார். எங்கள் பிரிவு மேனேஜர் வேலையை விட்டுப் போகிறார். "உன்னைப் போடலாம் என்று இருக்கிறோம். இரண்டு வாரம் பொறுப்பில் இருந்து பார். பிறகு முடிவு சொல்" என்றார்.

அன்று நான் செய்த ஒரே தப்பு, மத்தியானமே அம்மாவுக்கு போன் செய்தது. "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேம்மா" என்றேன். அந்த யோசிக்கிற பகுதியை அம்மா சட்டையே செய்யவில்லை. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் என் பெயர், ரோகிணி நட்சத்திரம், மேனேஜர் பதவி எல்லாம் சொல்லி அர்ச்சனை. வரும் வழியில் வீடு வீடாக லட்டு. கம்பெனி கொடுப்பதற்கு முன்பே அம்மா கொடுத்துவிட்டார்!

சொல்லப்போனால், என் திட்டமும் அதுதான். காலேஜ் முடித்த வருஷம் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அலமாரிக் கதவின் உள்ளே ஒட்டியிருந்தேன். இருபத்தைந்தில் புரோகிராமர். முப்பதில் இன்ஜினியர். முப்பத்தைந்தில் மேனேஜர். எனக்கு இப்போது முப்பத்து நான்கு. ஒரு வருஷம் முன்னதாகவே கதவைத் தட்டுகிறது. வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா?

இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். நாற்காலி நல்ல நாற்காலி... குறை சொல்ல மாட்டேன். காலையில் ஒரு மீட்டிங். அந்த மீட்டிங்கில் பேசியதைப் பற்றி மத்தியானம் இன்னொரு மீட்டிங். இடையில் யாருக்கு லீவு, யாருக்கு யாரோடு மனஸ்தாபம். ஒரு வரி புரோகிராம் எழுதவில்லை. வீட்டுக்கு வந்தால் தலைவலி.

இரண்டாவது வாரம் புதன்கிழமை, சிப்புகளைச் சோதித்துப் பிரிக்கும் ஒரு மெஷின் மக்கர் செய்தது. நல்ல சிப்புகளையெல்லாம் கெட்டது, கெட்டது என்று தள்ளிக்கொண்டிருந்தது. அதுவும் ஷிப்ட் முடியும் நேரத்தில் மட்டும். எனக்குப் பக்கத்து மேஜை லிம், என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர், காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். நானோ கேன்டீன் நாற்காலிக்கு என்ன நிறம் என்ற மீட்டிங்கில் இருந்தேன். பத்து நிமிஷம் பொறுத்தேன். பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக மெஷினிடம் போனேன்.

மூன்று மணி நேரம். லிம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கண்டுபிடித்தோம். மெஷின் எண்ணுவதற்குப் புரோகிராமில் நான்கு இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருந்தது. முன்பெல்லாம் ஒரு ஷிப்டில் அவ்வளவு சிப்புகள் வந்ததில்லை. இப்போது வருகிறது. பத்தாயிரத்தைத் தொட்டதும் எண்ணிக்கை குழம்பி, மெஷினுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. எந்த மடையன் இதை எழுதினான் என்று லிம் புரோகிராமின் முதல் பக்கத்துக்குப் போனார். மேலே எழுதியவர் பெயர் இருந்தது.

என் பெயர்.

வெட்கப்பட வேண்டியவள்தான். ஆனால் அந்த வரியைத் திருத்தி மெஷின் ஒழுங்காக ஓடியபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே... இரண்டு வாரத்தில் முதல் முறையாகப் பசித்தது. அன்று இரவு அலமாரிக் கதவைத் திறந்து அந்தக் காலண்டர் தாளைப் பார்த்தேன். இதை எழுதியவள் யார்? அதுவரை சம்பளத்துக்கு ஒரு புரோகிராம்கூட எழுதாத இருபத்திரண்டு வயதுப் பெண். அவள் பேச்சை நான் ஏன் கேட்க வேண்டும்?

மறுநாள் பாஸிடம் வேண்டாம் என்றேன். அது சுலபம். அம்மாவிடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை நான் குடியிருக்கும் ஜார்ஜ் டவுனிலிருந்து கடலைக் கடக்க ஃபெரி ஏறினேன். இருபது நிமிஷமும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வீட்டில் அம்மா நான் சொன்னதைக் கேட்டு முடித்தார். லட்டு வைத்திருந்த காலி டின்னை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"பன்னெண்டு வருஷமா கேக்குறாங்க, ஒம் மக என்ன வேல பாக்குறான்னு" என்றார் கடைசியில். "கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கிறான்னு சொல்லுவேன். எனக்கு வேற சொல்லத் தெரியல. மேனேஜர்னா ஒரே வார்த்தயில எல்லாருக்கும் புரியுது லா."

பத்திரிகையில் ஊருக்கெல்லாம் எழுதுகிறேன். என் வேலை என்னவென்று பெற்றவளிடம் ஒரு நாள் உட்கார்ந்து சொன்னதில்லை.

அம்மா பக்கத்து ஊரான பிறையில் ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். "நீங்க லைன்ல நின்னு ஒடஞ்ச பிஸ்கட்டப் பொறுக்கி எடுப்பீங்கள்ல?" என்றேன். "எது நல்லது, எது ஒடஞ்சதுன்னு மெஷினுக்கு நான் சொல்லிக் குடுக்கிறேம்மா. அதான் என் வேல."

அம்மா நிமிர்ந்தார். "மெஷினுக்கா? அது கேக்குமா?"

"சரியா சொன்னா கேக்கும். தப்பா சொன்னா நம்ம மானத்த வாங்கிரும்."

"அப்ப மேனேஜர் என்ன செய்வாரு?"

"நாங்க செய்றத மேற்பார்வை பாப்பாரு."

அம்மா டின்னைக் கீழே வைத்தார். "எங்க சூப்பர்வைசரும் அப்பிடித்தான். ஒரு நாள் லைன்ல கைய வச்சதில்ல. வருவான், நல்ல பிஸ்கட்டா பாத்து ரெண்டத் தின்னுட்டுப் போவான். அந்த வேல ஒனக்கு வேணாம்."

அப்பாடா என்று இருந்தது. ஆனால் அம்மா விரலை நீட்டினார். "ஆனா லட்டு குடுத்தாச்சு. வெளியில வாயத் தொறக்காத."

இப்போது தெரிகிறதா, பாசாரில் நான் ஏன் மேனேஜரம்மா என்று?

மணியம் அண்ணனிடம் என்ன சொன்னேன் என்கிறீர்களா? "மொதல்ல நல்லா புரோகிராம் எழுதப் பழகச் சொல்லுங்கண்ணே. எந்த வேலைய விட்டு எந்திரிக்க மனசு வரலயோ, அதுல உக்காரச் சொல்லுங்க. பிளான பென்சில்ல எழுதச் சொல்லுங்க." அவருக்குத் திருப்தியில்லை. கோயிலில் எந்தக் கிழமை அர்ச்சனை செய்தோம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் தீபாவளி. அம்மா வீட்டுக்கு லிம் வந்தார். ஆமாம், அந்த மேனேஜர் பதவி அவருக்குத்தான் போயிருந்தது; அர்ச்சனைக் கதையும் அவருக்குத் தெரியும். கையில் ஒரு பெட்டி பிஸ்கட். உட்கார்ந்ததும் அவரே பிரித்து, நல்லதாகப் பார்த்து இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

லிம் என் பக்கம் சாய்ந்து, "நீதான் கெட்டிக்காரி. தினம் நாலு மீட்டிங். மெஷினைத் தொட்டு ஆறு மாசமாச்சு" என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பி, சந்தையில் எல்லாரும் பேசும் பாசார் மலாயில் கெஞ்சலாகக் கேட்டார்: "ஆன்ட்டி, அன்னிக்கு நீங்க கும்பிட்டது தப்பான ஆள்கிட்ட வந்திருச்சு. இன்னொரு தடவ கும்பிடுங்க. என் பழைய மேஜை திரும்பக் கிடைக்கணும்."

அம்மா மறுக்கவில்லை. ஐயர் கேட்பாரே, என்ன நட்சத்திரம் என்றார். நட்சத்திரத்தை நான் மலாயில் விளக்கியதும் லிம் விழித்தார். "நட்சத்திரம் தெரியாது ஆன்ட்டி. நாங்க சீனங்க பொறந்த வருஷம்தான் பாப்போம். நான் புலி வருஷம்."

"புலியா?" அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்ப அம்மனுக்கு வேண்டிய ஆளுதான். வெள்ளிக்கெழம போட்டுரலாம். லட்டு மட்டும் இந்தத் தடவ கெடச்சப்பறம்."